இன்க்ளூஷன்: தமிழில் உட்சேர்ப்பு

பணியிடங்களைப் பற்றிய பேச்சில் பன்முகத்தன்மையும் இன்க்ளூஷனும் இரட்டைச் சொற்களாகவே வருகின்றன. பொருள் வேறு. யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்பது பன்முகத்தன்மை. பாலினம், வயது, மொழி வாரியாகத் தலைகளை எண்ணினால் தெரிந்துவிடும். இருப்பவர்களின் சொல் முடிவுகளில் ஏறுகிறதா, இயல்பை மறைக்காமல் பணிபுரிய முடிகிறதா என்பது இன்க்ளூஷன். இதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும்.

இலத்தீனில் 'இன்' என்றால் உள்ளே, 'க்ளௌதெரே' என்றால் மூடுதல். உள்ளே வைத்து அடைப்பதே பழம்பொருள். 1994இல் ஸ்பெயினில் வெளியான சலமான்கா அறிக்கை, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளையும் பொதுப்பள்ளியில் சேர்க்க வலியுறுத்தி, கல்வித்துறையில் இச்சொல்லுக்கு வலுவூட்டியது.

தமிழில் 'உள்ளடக்கம்' என்கிறார்கள். அது நூலின் பொருளடக்கத்தையே நினைவூட்டுகிறது. 'அடக்கு' என்ற வினையும் உறுத்துகிறது. 'அரவணைப்பு' அன்பான சொல்தான். ஆனால் அணைப்பவர் பெரியவர், அணைக்கப்படுபவர் சிறியவர் என்ற படிநிலை அதில் ஒளிந்திருக்கிறது. ஊழியர் கேட்பது உரிமையான இடம். 'உள்வாங்கல்' இன்னும் சிக்கலானது. உள்வாங்கப்பட்டது தன் உருவை இழந்துவிடும்.

உருவை இழந்து உள்ளே போவதற்கும் உருவோடு சேர்வதற்கும் உள்ள இந்த வேறுபாடு ஆய்விலும் உண்டு. மேலாண்மைத்துறை ஆய்வாளர் லின் ஷோரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் தந்த விளக்கத்தில் இரண்டு அச்சுகள்: குழுவில் ஒருவராக உணர்தல், தனித்தன்மை மதிக்கப்படுதல். இரண்டும் இல்லையேல் விலக்கல். தனித்தன்மையைத் துறந்தால்தான் இடம் என்றால் கரைத்துக்கொள்ளல். திறமையைப் பயன்படுத்திக்கொண்டு ஆளை வெளியாளாகவே வைத்திருந்தால் வேறுபடுத்தல். இரண்டும் கூடி நிற்பதே உட்சேர்ப்பு. சேர்ந்தபின்னும் சேர்ந்தவர் தாமாகவே இருக்க இடம் தருவதால் இச்சொல்லையே நான் பரிந்துரைக்கிறேன்.

அளக்கும்போதும் இரண்டு அச்சுகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 'இங்கு நான் வேண்டப்பட்டவராக உணர்கிறேன்' என்பது ஒரு கூற்று. 'மாற்றுக்கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்' என்பது இன்னொன்று. 1 (உடன்பாடே இல்லை) முதல் 5 (முழு உடன்பாடு) வரையிலான ஐந்து புள்ளி அளவுகோலில் விடை பெறுவது வழக்கம். சராசரியை மட்டும் பார்ப்பது பெரும்பிழை. நூறு பேரில் 90 பேரின் சராசரி 4.5, மற்ற 10 பேரின் சராசரி 2 என்றால் மொத்தச் சராசரி 4.25, நிர்வாகம் மகிழ்ந்துவிடும், அந்தப் பத்துப் பேரின் நிலை மறைந்துவிடும். ஆகவே பிரிவுவாரியாகப் பிரித்துப் பார்ப்பது கட்டாயம். பிரிவில் மூன்று பேர்தான் என்றால் விடையளித்தவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும். அங்கே எண்ணை வெளியிடக் கூடாது. அதற்குப் பதிலாக, பதவி உயர்வு, ஊதிய இடைவெளி, விலகியவர்கள் சொன்ன காரணங்கள் ஆகியவற்றை நிறுவனம் முழுவதற்கும், பல ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பார்க்கலாம்.