மிதிஸ்தோரிமா: நாவலுக்குக் கிரேக்கம் வைத்த பெயர்

கிரேக்க மொழியில் நாவலுக்குப் பெயர் ‘மிதிஸ்தோரிமா’. அழுத்தம் ‘தோ’வில் விழும். மிதோஸ், இஸ்தோரியா என்னும் இரு சொற்கள் இதில் கூடியிருக்கின்றன. 1804இல் பாரிசில், பண்டைக் கிரேக்க எழுத்தாளர் ஹெலியோதோரஸின் பழங்கதையைப் பதிப்பித்த கிரேக்க அறிஞர் அதமாந்தியோஸ் கொராயிஸ், பிரெஞ்சின் ‘ரோமான்’ என்ற சொல்லுக்கு ஈடாக ‘மிதிஸ்தோரியா’வை முன்னுரையில் பரிந்துரைத்தார். பின்னர் நிலைத்தது ‘மா’ விகுதி பெற்ற வடிவம். செயலால் விளைந்த பொருளைக் குறிக்கும் விகுதி அது.

மிதோஸ் என்றதும் பலர் ‘புராணம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிப் பிரித்தால் நாவல் ‘புராண வரலாறு’ ஆகிவிடும், பொருள் கெடும். அரிஸ்டாட்டில் நாடகத்தின் கதைக்கோப்பையே மிதோஸ் என்றார். இங்கே பொருந்துவதும் புனைந்த கதை என்ற பொருள்தான்.

இஸ்தோரியாவின் வேர் இன்னும் ஆழமானது. ஹோமரின் காவியமான இலியட்டின் 18ஆம் பகுதியில், வீரன் அக்கிலீசின் கேடயத்தில் செதுக்கிய ஒரு காட்சி. கொலைக்கான ஈட்டுத்தொகை பற்றி இருவர் வழக்காடுகிறார்கள். தீர்ப்புக்காக ‘இஸ்தோர்’ முன் நிற்க விரும்புகிறார்கள். இஸ்தோர் என்றால் அறிந்தவர், நடுவர். பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் தம் நூலின் தொடக்கத்தில் இஸ்தோரியா என்றது விசாரித்து அறிந்ததை. இன்றைய கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு வரலாறு, கதை என்ற இரண்டு பொருளும் உண்டு. ‘மியா இஸ்தோரியா’ என்று வந்தால் பெரும்பாலும் ‘ஒரு கதை’. கிரேக்கத் தீவான கிரீட்டின் இஸ்தோரியா என்றால் வரலாறு.

இந்த இரட்டைப் பொருளில் வாழும் எழுத்தாளர் ரேயா கலனாகி. 1947இல் கிரீட்டின் ஹெராக்லியோனில் பிறந்தவர். ஏதென்சில் வரலாறும் தொல்லியலும் படித்தவர். முதலில் கவிஞர். 1989இல் வந்த நாவல் ‘இஸ்மாயில் ஃபெரிக் பாஷாவின் வாழ்க்கை’. கிரீட்டின் லசித்தி மேட்டுநிலத்தில் சிறுவனாகச் சிறைபிடிக்கப்பட்டு, எகிப்தில் முஸ்லிமாக வளர்ந்து, போர் அமைச்சராகி, சொந்தத் தீவின் கிளர்ச்சியை அடக்கவே அனுப்பப்பட்டவரின் கதை. யுனெஸ்கோவின் பிரதிநிதித்துவ நூல் வரிசையில் இடம்பெற்ற முதல் கிரேக்க நாவல் இதுவே. 1998இல் வந்த ‘எலேனி’ நாவலின் நாயகி, ஆண் வேடமிட்டு இத்தாலியில் ஓவியம் பயின்ற எலேனி அல்தமூரா. இவ்வகை நூலைக் கிரேக்கர் ‘இஸ்தோரிகோ மிதிஸ்தோரிமா’ என்பார்கள். வரலாறு அதில் இரண்டு முறை ஒலிக்கிறது.

மிதிஸ்தோரிமாவுக்குத் தமிழில் எது சரி? நாவல் என்றே எழுதினாலும் பிழையில்லை. தமிழ்ச்சொல் வேண்டுவோர்க்குப் புதினம். இஸ்தோரிகோ மிதிஸ்தோரிமாவுக்கு வரலாற்றுப் புதினம். புதினம் ‘புது’வில் பிறந்த சொல். யாழ்ப்பாணத்தில் ‘என்ன புதினம்?’ என்றால் ‘என்ன செய்தி?’ என்று பொருள். எனவே ஈழ வாசகர்க்கு எழுதும்போது நாவல் என்பதே குழப்பம் தராது. இத்தாலியின் ‘நொவெல்லா’வுக்கும் கதை, செய்தி என்ற இரு பொருள் இருந்தது. ஆக, புதினம் ‘நாவல்’ என்ற சொல்லுக்கு அச்சான ஈடு. மிதிஸ்தோரிமாவுக்கு அது பயன்பாட்டில் மட்டுமே ஈடு, சொற்பொருளில் அல்ல.

சொற்பொருளிலும் நெருங்கிய சொல் நம்மிடம் இருந்தது. 1879இல் வேதநாயகம் பிள்ளை தம் நாவலுக்கு வைத்த பெயர் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. ஒருவர் வாழ்ந்த வாழ்க்கை, சொல்லும் கதை, நடந்த வரலாறு மூன்றும் அன்றைய ‘சரித்திர’த்தில் அடங்கின. கலனாகி தலைப்பில் வைத்தது ‘வியோஸ்’, அதாவது வாழ்க்கை. அதைத் தமிழாக்குபவர் ‘இஸ்மாயில் ஃபெரிக் பாஷா சரித்திரம்’ என்று துணிந்து எழுதலாம்.