பெயர் இரண்டு, வலையமைப்பு ஒன்று

வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடை. "தம்பி, வாற ஆக்களுக்கு வேற வைஃபை குடுத்திருக்கு, எல்லாம் பிரிச்சுத்தான் இருக்கு" என்றார் முதலாளி. என் போனை அந்த வாடிக்கையாளர் வைஃபையில் இணைத்து, பில் போடும் கொம்பியூட்டரின் ஐபி முகவரிக்கு ஒரு பிங் ("இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு செய்தி) அடித்தேன். உடனே பதில் வந்தது. சிசிடிவி பெட்டியின் லொகின் பக்கமும் திறந்தது. ஒரே அறைக்கு இரண்டு பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

வலையமைப்புக்குக் காவல் நிற்கும் ஃபயர்வோல்கள் சிலவற்றில் விர்ச்சுவல் அக்சஸ் பொயின்ட் என்றொரு வசதி உண்டு. கூரையில் மாட்டிய ஒரே கருவி பல வைஃபை பெயர்களை வெளியே காட்டும். பலர் முதலில் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று எழும்பிவிடுகிறார்கள். உண்மையில் அது கடைசி வேலை. முதலில் விருந்தினருக்குத் தனி சோன், அதாவது ஃபயர்வோலில் தனி வலயம். அதில் தனி விலான் (ஒரே கம்பியில் பிரிந்து ஓடும் தனி வலையமைப்பு) எண்ணோடு ஒரு சப் இன்டர்ஃபேஸ் (ஒரே போர்ட்டிலிருந்து பிரித்த கிளை), அதற்கென்று ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபி. அந்த சோனிலிருந்து உள் வலையமைப்புக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, அப்புறம்தான் வைஃபை பெயரை அந்த விலானோடு இணைக்க வேண்டும்.

இதில் நானும் சறுக்கியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவலகம். வைஃபை இணைகிறது, இன்டர்நெட் இல்லை. லப்டொப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி, அதாவது டிஎச்சிபியிடமிருந்து எதுவும் வரவில்லை. ஃபயர்வோலை மூன்று முறை புரட்டிப் பார்த்தேன். குற்றம் அங்கே இல்லை. நடுவில் இருந்த சுவிட்ச் போர்ட்டில் விலான் 20ஐ டாக் செய்ய (அந்த எண்ணோடு கடத்தும்படி அமைக்க) மறந்திருந்தேன். இரண்டு மணித்தியாலம் போனது.

மாடிக்கொரு பெயர் கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் விநாடிக்குச் சுமார் பத்து அறிவிப்புச் சமிக்ஞைகள், அதுவும் மெதுவான வேகத்தில் போகும். பெயர் கூடக்கூட எல்லாருக்கும் வேகம் குறையும். மூன்றைத் தாண்ட நான் விடுவதில்லை. விருந்தினர் போன்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி ஐசொலேஷனையும் போட்டுவிடுவேன்.

துணிக்கடைக்கு வருவோம். எல்லாம் பிரித்தபின் மறுபடி பிங் அடித்தேன், பதில் இல்லை. சரி என்று பையைத் தூக்கும்போது முதலாளி கூப்பிட்டார்: "தம்பி, என்ர போனில கமரா வருதில்லை!"

ஊழியர் வைஃபை பாஸ்வேர்ட் நீளம் என்று, அவரும் இத்தனை நாள் வாடிக்கையாளர் வைஃபையில்தான் இருந்திருக்கிறார்.