ஜூனிபரும் இச்சியும் ஒன்றல்ல

இந்தச் சித்திரையில் மட்டும் இது நாலாவது. போன ஞாயிற்றுக்கிழமை நத்தம் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு தம்பி, ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் சட்டியோடு ஒரு ஜூனிபர் போன்சாயைக் (சைப்ரஸ் குடும்பத்து மரம்) கொண்டுவந்து என் பட்டறை மேசையில் வைத்தார். "அண்ணே, பச்சையாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு மாசமாத் துளிரே வரலை." ஒரு நுனியைப் பிடித்து விரலுக்கு நடுவில் உருட்டினேன். மொறமொறவென்று உதிர்ந்தது. பச்சை ஜூனிபரைக் கசக்கினால் வரும் பிசின் வாசனையும் இல்லை. மரம் செத்து ஒரு மாதமாவது இருக்கும். தம்பி முந்தின நாள் வரை தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

செம்பருத்தி வாடினால் அன்றைக்கே தலையைத் தொங்கப்போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சை முகத்தோடு நிற்கும். சாம்பல் பூத்து நமக்குச் சந்தேகம் வரும்போது காரியம் முடிந்து நாளாகியிருக்கும்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மாசியில் வாங்கி, ஒரே நாளில் உள்பக்கக் கொத்துகளையெல்லாம் உருவியிருக்கிறார். கிளை நுனியில் மட்டும் பஞ்சுருண்டை மாதிரி கொஞ்சம் பச்சை. அதே நாளில் வேர்மண்ணை டியூப் தண்ணீரில் கழுவி, ஆழமில்லாத தட்டில் நட்டு, கிளையை வளைக்கக் கம்பியும் சுற்றியாயிற்று. "வீடியோல அப்படித்தாண்ணே செஞ்சாங்க." வீடியோவில் வெட்டுவதைக் காட்டுவார்கள். அந்த மரம் மூன்று மாதம் கழித்து என்ன ஆனது என்று யார் காட்டுகிறார்கள்?

நம் ஊரில் எல்லாரும் போன்சாய் பழகுவது ஆல், அரசு, இச்சியில். கோபுர இடுக்கில் முளைத்த அரசை உழவாரப் பணிக்கு வருகிறவர்கள் எத்தனை தடவை வெட்டியிருப்பார்கள்? அடுத்த மழைக்கு மறுபடி துளிர்த்து நிற்கும். அந்தத் தைரியத்தோடு ஜூனிபரில் கத்தரி வைக்கிறோம். 'வெட்ட வெட்டத் துளிர்க்கும்' என்ற பேச்சை தயவுசெய்து ஜூனிபர் பக்கத்தில் பேசாதீர்கள். இலையில்லாத பழைய கட்டையிலிருந்து அது துளிர்க்காது. ஒரு கிளையில் பச்சை முழுக்கப் போனால் அந்தக் கிளை போச்சு. பஞ்சகவ்யம் ஊற்றினாலும் வராது, டிஏபி போட்டாலும் வராது, காத்திருந்தாலும் வராது. இச்சி தன் வலுவைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்திருக்கும். ஜூனிபருக்குப் பச்சைதான் கையிருப்பு. உள்பக்கம் இருக்கும் குட்டித் தளிர்களை அசிங்கம் என்று உருவுகிறீர்களே, நாளைக்குக் கிளையைக் குறுக்க வேண்டுமானால் அந்தத் தளிர் வரைக்கும்தான் வெட்ட முடியும்.

அப்படியானால் வெட்டவே கூடாதா? வெட்டலாம். கிளைக்கு அடியில் தொங்குவது, கவட்டையில் நெருக்குவது, இவற்றை எடுத்து வெளிச்சம் உள்ளே போக வழி விடுங்கள். நீண்டு ஓடும் நுனியை, ஒரு பக்கத்தளிர் இருக்கும் இடமாகப் பார்த்துக் கத்தரியால் வெட்டுங்கள். நகத்தால் எல்லா நுனியையும் கிள்ளி உருட்டுகிற பழக்கம் மரத்தைச் சோர வைக்கும், நுனியும் பழுப்பாகும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பச்சை போகக் கூடாது. மீறினால், பிழைத்த மரமும் வழவழப்பான செதில் இலையை விட்டுக் குத்துகிற ஊசி இலையாகத் தள்ளும். அது கோபம் தணிந்து பழையபடி வர வருடக்கணக்காகலாம்.

பெரிய கிளையை எடுக்கும்போது ஒட்ட அறுக்காதீர்கள். நாலு விரல் விட்டுப் பட்டையை உரித்தால் வெள்ளைக் கட்டையாக நிற்கும். ஜப்பானியர்கள் 'ஜின்' என்பது அதைத்தான். (பாதிப் பேர் உயிர் ஓடும் பட்டையையும் சேர்த்து உரித்துவிட்டு வருகிறார்கள். அது வேறு அழுகை.)

வெட்டு, வேர், கம்பி மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். இந்த வருஷம் வெட்டினால் வேர் அடுத்த வருஷம். வேர்மண்ணை முழுக்கக் கழுவாதீர்கள், பாதியை விடுங்கள். நான் கத்தரி எடுப்பது கார்த்திகையிலிருந்து தை வரைதான். தண்டு பருக்கணும் என்றால் தட்டில் வைக்காதீர்கள், பெரிய தொட்டியில் இரண்டு மூன்று வருஷம் இஷ்டத்துக்கு வளர விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வியாபாரத்துக்கு நஷ்டம்தான். ஷிம்பாகு என்கிற ஜூனிபர் வகை ஜப்பானில் பனி விழும் மலைப்பாறைகளில் வளர்ந்தது. 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் கொடைக்கானலில் அதற்குச் சுகம். இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது, மொட்டைமாடி அதற்கு மேல் கொதிக்கும். பங்குனி முதல் ஆனி வரை 50 சதவீத ஷேடு நெட், மேற்கு வெயில் படாத இடம், காலை மாலை இரண்டு வேளையும் மண்ணில் விரல் வைத்துப் பார்ப்பது, இவை முடியுமென்றால் வாங்குங்கள். ஏசி ஹாலில் டிவி பக்கத்தில் வைக்கத்தான் என்றால் பிளாஸ்டிக் செடி வாங்குங்கள், மலிவு. கோடையில் வாரம் ஒருமுறை கிளைக்கடியில் வெள்ளைத்தாள் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப்பேன். அன்றைக்கே அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள்.

தம்பியின் மரத்தைப் பட்டறையில் வாங்கி வைத்துக்கொண்டேன். கம்பி கட்டப் பழகுகிறவர்களுக்கு ஆகும். அவர் கையில் ஒரு இச்சி கொடுத்து அனுப்பினேன். கை அரிக்கும்போதெல்லாம் அதை வெட்டட்டும்.