ஹென்க்யோகு: அரேஞ்சருக்குத் தமிழ்ல என்ன பேரு?

ஜப்பான்ல ஒரு சினிமாப் பாட்டோ பாப் பாட்டோ வந்தா அதுக்குக் கீழ மூணு வேலைக்குத் தனித்தனியா பேர் போடுவாங்க, சகுஷி, சக்க்யோகு, ஹென்க்யோகு. முதல் ஆள் வரி எழுதினவர், ரெண்டாவது மெட்டு போட்டவர், மூணாவதுதான் நாம அரேஞ்ச்மென்ட்னு சொல்றது. மெட்டு கைக்கு வந்ததும் பாட்டு எப்படித் தொடங்கணும், வயலின் எங்க நுழையணும், பேஸ் கிட்டார் என்ன வாசிக்கணும், எந்த இடத்துல எல்லாரும் அமைதியா இருக்கணும்னு முடிவு பண்ணி ஆளாளுக்கு நோட்ஸ் எழுதிக் குடுக்கறவர் ஹென்க்யோகுகா, அதாவது அரேஞ்சர்.

'ஹென்'ங்கற எழுத்துல நூலைக் குறிக்கிற பகுதி இருக்கு, பழைய சீனாவுல மூங்கில் பட்டைகளை நூலால கட்டி ஏடாக்கினதைச் சொன்ன எழுத்து அது, இன்னிக்கு ஸ்வெட்டர் பின்னறதுக்கும் பத்திரிகை எடிட்டிங்குக்கும் அதேதான். 'க்யோகு'ன்னா பாட்டு. இங்கிலீஷ்ல அரேஞ்ச்ங்கறது பழைய பிரெஞ்சுலேருந்து வந்தது, படையை வரிசையா நிறுத்தறதுக்குச் சொன்னது. எனக்கு ஜப்பான்காரங்க சொல்தான் வேலைக்கு ரொம்பப் பொருத்தமா தெரியுது.

இதுக்கு உதாரணமா ஜப்பான் இசையமைப்பாளர் சுட்சுமி க்யோஹெய்யைப் பாருங்க. 1940ல பிறந்து 2020ல இறந்தவர், காலேஜ்ல ஜாஸ் பியானோ, அப்புறம் ரெக்கார்டு கம்பெனில வெளிநாட்டு இசைப் பிரிவு வேலை, அதனால அமெரிக்கா இங்கிலாந்து பாட்டெல்லாம் அவருக்கு அத்துப்படி. மெட்டும் போடுவார் அரேஞ்சும் பண்ணுவார், அவர் மெட்டு போட்ட சிங்கிள்ஸ் மட்டும் 7 கோடிக்கு மேல வித்திருக்கு. 1971ல ஒஸாகி கியோஹிகோ பாடின 'மதா ஆவு ஹி மாதே' அந்த வருஷ ஜப்பான் ரெக்கார்டு விருதையே வாங்குச்சு. ஆனா அந்த மெட்டு முந்தின வருஷமே வேற வரியோட வேற குழு பாடி ஓடாம போனது, பாடலாசிரியர் அகு யூ வரியை மாத்தி எழுதினார், ஒஸாகி குரல் வந்துச்சு, பாட்டு எங்கேயோ போயிடுச்சு. அந்தத் தொடக்கத்தைக் கேளுங்க, பிராஸ், அதாவது டிரம்பெட் மாதிரி ஊதுற வாத்தியங்கள், ஒரு சின்னத் துண்டை ஊதிட்டு நிக்கும், அந்த இடைவெளில டிரம்ஸ் பதில் சொல்லும், பாடகர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே என்ன பாட்டுன்னு தெரிஞ்சிடும். அது மெட்டுல இல்ல, ஹென்க்யோகுல இருக்கு.

பின்னாடி அவரே தன் மெட்டுகளை ஹகிதா மிட்சுவோ, ஃபுனயாமா மோட்டோகி மாதிரி அரேஞ்சர்கள்கிட்ட குடுத்தார், 1985ல ஷோனென்தாய் பாடின 'காமென் புதோகாய்' ஃபுனயாமா கைவண்ணம். ஆனா அங்கயும் அரேஞ்சருக்குப் பெரும்பாலும் ஒரே தடவை ஃபீஸ்தான், மெட்டுக்காரருக்கும் பாடலாசிரியருக்கும் வர்ற மாதிரி ராயல்டி தொடர்ந்து வர்றதில்ல, இது நியாயமே இல்லைங்கறது என் கருத்து.

சரி தமிழ்ல? இசையமைப்பாளர்னு சொன்னா மெட்டும் அரேஞ்ச்மென்ட்டும் ஒரே ஆள் தலையில விழுந்துடுது. 'கோர்வை'ன்னா மிருதங்கக்காரங்க வேற அர்த்தம் வச்சிருக்காங்க. 'இசைக்கோப்பு' இலக்கணப்படி சரி, ஏன்னா கோத்தல்தான் சரியான வடிவம், ஆனா இன்னிக்கு அதைப் படிக்கறவங்க எம்பி3 ஃபைல்னு நினைச்சுக்குவாங்க. அதனால பேச்சுவழக்கா இருந்தாலும் 'இசைக்கோர்ப்பு', ஆளுக்கு 'இசைக்கோர்ப்பாளர்', இதைத்தான் நான் எடுப்பேன், கூடவே சக்க்யோகுவுக்கு 'மெட்டு'ன்னே போட்டுடலாம். 1968ல இஷிதா அயுமி பாடின 'ப்ளூ லைட் யோகோஹாமா'வுக்கு இப்படி வரும்: வரிகள் ஹஷிமோட்டோ ஜுன், மெட்டு சுட்சுமி க்யோஹெய், இசைக்கோர்ப்பு சுட்சுமி க்யோஹெய்.