"மோவாபின் பாரம்"னா என்ன பாரம்?

சர்ச்ல யாராவது "அந்த கிராமத்து மேல எனக்கு ரொம்ப பாரம் இருக்கு, ஜெபிச்சுக்கோங்க"ன்னு சொன்னா உடனே புரிஞ்சிடும், அந்த ஜனங்களுக்காக மனசு கனத்துப்போய் இருக்குன்னு. அதே பழக்கத்துல பைபிள்ல ஏசாயா தீர்க்கதரிசியோட புத்தகத்தைத் திறந்து "மோவாபின் பாரம்", "தமஸ்குவின் பாரம்", அப்புறம் நாகூம் புத்தகத்துல "நினிவேயின் பாரம்"னு படிக்கும்போது அந்த ஊருக்காக தீர்க்கதரிசி துக்கப்படறார்னு எடுத்துக்கறோம், நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் படிச்சேன். மோவாபுக்காக என் இருதயம் ஓலமிடுதுன்னு ஏசாயா 15லயே ஒரு வசனம் இருக்கு, அது நிஜம். ஆனா தலைப்புல இருக்கற அந்த சொல்லுக்கு அது அர்த்தம் இல்ல.

எபிரெயத்துல அந்த சொல் மஸ்ஸா. 'நாஸா'ங்கற வேர்ச்சொல்லுல இருந்து வருது, தூக்கறது, எடுக்கறது, சுமக்கறது எல்லாமே அதுதான். சீரியா படைத்தலைவன் நாகமான் ரெண்டு கோவேறு கழுதை சுமக்கற அளவு மண்ணு கேட்டானே, அந்த சுமையும் மஸ்ஸாதான். அதனாலதான் பைபிளை லத்தீன்ல மொழிபெயர்த்த ஜெரோம் சுமைன்னு போட்டார், 1611 இங்கிலீஷ் பைபிளும் அப்படியே போட்டுச்சு, நம்ம பைபிள்லயும் பாரம்னு இருக்கு.

ஆனா எபிரெயத்துல குரலையும் 'தூக்குவாங்க'. யோதாம் கெரிசீம் மலை மேல நின்னு கத்தினப்போ அவன் குரலைத் தூக்கினான்னுதான் இருக்கு, பிலேயாமும் தன் வாக்கைத் தூக்கித்தான் பேசறான். நாமளும் குரலெடுத்துப் பாடறோம்ல, அதே மாதிரி. அதனால மஸ்ஸாவுக்கு 'எடுத்துரை'ங்கறதுதான் என் கணக்குல சரியான தமிழ், எடுக்கறதும் இருக்கு, உரையும் இருக்கு. மத்த தேசங்களுக்கு எதிரா வர்ற இடத்துல பொருளைப் பார்த்து தீர்ப்புரைன்னும் சொல்லலாம்.

எதுக்கு தீர்ப்பு? 2 இராஜாக்கள் 9 பாருங்க, ஆகாப் ராஜா மேல கர்த்தர் இந்த மஸ்ஸாவை எடுத்தார்னு படைத்தலைவன் யெகூ ஞாபகப்படுத்தறான், அதுக்குள்ள இருக்கற விஷயம் நாபோத்தோட ரத்தம். நாபோத்தைக் கொன்னு அவன் திராட்சத் தோட்டத்தை ஆகாப் புடுங்கினதுக்கு வந்த வாக்கு அது. நாகூம் நினிவேயை ரத்தப்பழி நகரம்னே கூப்பிடறார், கி.மு. 612ல அது விழுந்துச்சு. ஆமோஸ் தீர்க்கதரிசி இந்த சொல்லைப் பயன்படுத்தல, ஆனா அவர் 1, 2 அதிகாரத்துல அடுக்கற குற்றப்பட்டியலும் இதே ரகம்தான், காசாக்காரங்க ஒரு ஜனத்தையே மொத்தமா பிடிச்சு ஏதோமுக்கு வித்தாங்க, அம்மோன் எல்லையைப் பெருசாக்க கர்ப்பிணிகளைக் கீறினாங்க, மோவாப் ஏதோம் ராஜாவோட எலும்பை சுண்ணாம்பாகற வரைக்கும் எரிச்சான். இந்தக் கடைசியை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன், ஏன்னா அதுல பாதிக்கப்பட்டது இஸ்ரவேலே இல்ல, அவங்க பகையாளி ஏதோம், அதுக்கும் கர்த்தர் கணக்குக் கேக்கறார்.

அதுக்காக 'பாரம்' தப்பான மொழிபெயர்ப்புன்னு தூக்கிப்போட்டுடவும் முடியாது. எரேமியா 23ல ஜனங்க "கர்த்தருடைய மஸ்ஸா என்ன?"ன்னு கேட்டுட்டு வர்றாங்க, பழைய கிரேக்க மொழிபெயர்ப்புப்படி பதில், "நீங்கதான் அந்த மஸ்ஸா, உங்களை எறிஞ்சுடுவேன்." அந்த இடத்துல எடுத்துரைன்னு போட்டா வசனமே நிக்காது, அங்க பாரம்தான் வேணும்.