நோமேட்: நாடோடியா, நாடற்றவனா, நாடு துறந்தவனா?

நோமேட்: பெயர்ச்சொல். அகராதி தரும் பொருள், ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல் இடம் பெயர்ந்துகொண்டே வாழ்பவர். காமிக்ஸ் வாசகர்களுக்கு அது ஒருவனின் பெயர். அமெரிக்கக் கொடியையே உடையாக அணியும் காமிக்ஸ் சாகச நாயகன் கேப்டன் அமெரிக்காவாக இருந்த ஸ்டீவ் ராஜர்ஸ், 1974-இல் அந்தப் பட்டத்தை உதறிவிட்டுச் சூடிக்கொண்ட பெயர்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘நெமெய்ன்’ என்ற வினைக்குப் பங்கிடுதல், மேய்த்தல் என்ற பொருள்கள் உண்டு. அதில் பிறந்தது ‘நோமாஸ்’, அதாவது மேய்ச்சல் தேடி மந்தையோடு செல்பவர். லத்தீன், பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. சட்டத்தைக் குறிக்கும் ‘நோமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். நோமாஸ் என்பதற்கு நம் பக்கத்தில் சரியான ஆள், ராமநாதபுரம் சீமையிலிருந்து செம்மறி ஆடுகளை ஓட்டி வந்து தஞ்சை வயல்களில் கிடை போடும் கீதாரி. அவருக்குச் சொந்த ஊர் உண்டு; எந்த மாதம் எந்த வயல் என்ற கணக்கும் உண்டு. ஆக, போக்கிடம் இல்லாதவர் என்ற பொருள் மூலச் சொல்லில் இல்லை. பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

காமிக்ஸில் அந்த ஒட்டுப் பொருளே முதன்மையாகிவிட்டது. கேப்டன் அமெரிக்கா தொடரின் 180-ஆம் இதழில் ஸ்டீவ் புதுப் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குச் சொல்லும் விளக்கம், ‘நாடில்லாத மனிதன்’ என்பது. அமெரிக்கர்களுக்கு இது பழகிய தொடர். 1863-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எட்வர்ட் எவரெட் ஹேல் இதே தலைப்பில் ஒரு கதை எழுதினார். தாய்நாட்டைச் சபித்த ராணுவ அதிகாரி ஒருவனை, அந்த நாட்டைப் பற்றி ஒரு சேதியும் காதில் விழாதபடி ஆயுள் முழுக்கக் கப்பலிலேயே வைத்திருக்கிறார்கள். ஹேலின் கதையில் நாடில்லாமை ஒரு தண்டனை. ஸ்டீவோ அதைத் தானாகவே எடுத்துக்கொள்கிறான். ஏன் என்பதில்தான் இந்தச் சொல்லின் கனம் இருக்கிறது.

கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதக் குடும்பப் பிள்ளைகள். அட்டையிலேயே நாயகன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது; பதிப்பகத்துக்கு மிரட்டல்கள் வந்தன. கொடியை உடுத்தியவன், பிறக்கும்போதே தன் அரசாங்கத்துக்கு முன்னால் ஓடியவன். பின்னாளில் அவனை வெறும் அரசு விளம்பரமாகப் பார்ப்பவர்கள் மறந்துவிடும் சங்கதி இது.

1970-களில் கதை எழுத வந்த ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், மனசாட்சியின்பேரில் போரை மறுத்து ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர். அதிபர் நிக்சனின் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் நாறிக்கொண்டிருந்த நேரம். ஒரு ரகசியக் கும்பலின் தலைவனைக் கேப்டன் துரத்திப் போகிறான். அவன் ஓடி ஒளிவது வெள்ளை மாளிகைக்குள். முகமூடியைக் கழற்றியதும் கேப்டன் அதிர்ந்து நிற்கிறான். அந்த முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. அந்த ஆள் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். 1974 ஜூலை என்று தேதியிட்ட அந்த 175-ஆம் இதழ், ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகுவதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டது. அடுத்த இதழில் தோர், அயர்ன் மேன், ஃபால்கன் என்று தோழர்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்கிறார்கள். அவன் கேட்கவில்லை. உடையைக் கழற்றிவிடுகிறான்.

நோமேட் உடையில் நீலமும் மஞ்சளும் உண்டு, மார்பு திறந்திருக்கும், முதுகில் நீண்ட அங்கி. எதிரிகளைத் துரத்தும்போது சொந்த அங்கியே காலில் சிக்கி விழுகிறான்; எழுந்ததும் அதைக் கிழித்தெறிகிறான். நட்சத்திரத்தையும் கோடுகளையும் விட்டவனுக்கு அடுத்த உடை அவ்வளவு எளிதாகப் பொருந்தாது என்பதைச் சொல்லும் கட்டங்கள் அவை. அந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நாடோடி’ நேர்ச்சொல், பெயருக்கு அதுவே போதும். ஆனால் நாடோடிப் பாடல், நாடோடிக் கதை என்கிறபோது அது மண்ணோடு ஒட்டிய, மக்களிடையே உலவுகிற என்ற பொருளையும் தருகிறது. நாட்டை இழந்த வலி அதில் இல்லை. ஆகவே ‘நாடில்லாத மனிதன்’ என்ற விளக்கத்துக்குத் தனிச்சொல் வேண்டும்.

பலரும் எழுதுவது ‘நாடற்றவன்’. இதை நான் ஏற்கமாட்டேன். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த அந்த மக்களிடமிருந்து உரிமை பறிக்கப்பட்டது. அவர்களாக எதையும் விடவில்லை. தமிழில் அந்தச் சொல் அவர்கள் பட்டதைச் சுமந்து நிற்கிறது. விருப்பப்பட்டு விலகிய ஒரு நாயகனுக்கு அதைத் தூக்கிக் கொடுப்பது தகாது.

‘நாடு துறந்தவன்’ பொருந்தும். துறத்தல் என்றால் செய்தவன் தானே செய்தான் என்பது சொல்லிலேயே இருக்கிறது. அவன் துறந்தது உண்மையில் நாட்டையா, ஆட்சியையா என்று கேட்டால், அதற்கு 183-ஆம் இதழ்வரை போக வேண்டும். கேப்டனின் உடையை மாட்டிக்கொண்டு கிளம்பிய ராஸ்கோ என்ற இளைஞனை, கேப்டனின் பரம எதிரியான ரெட் ஸ்கல் கொன்றுபோடுகிறான். அந்த உடலைப் பார்த்த பிறகுதான் ஸ்டீவுக்கு உறைக்கிறது: ஆள்பவன் கெட்டதற்காகத் தான் காவலை விட்டு விலகியது பிழை. 1975 மார்ச் என்று தேதியிட்ட அந்த இதழோடு நோமேட் முடிந்து, கேப்டன் திரும்புகிறான்.

1987-இல் இதே சோதனை மீண்டும் வந்தது. உடையும் பட்டமும் எங்கள் சொத்து, எங்கள் உத்தரவுப்படி நட என்று அரசுக் குழு ஒன்று நெருக்கியது. ஸ்டீவ் கேடயத்தையும் உடையையும் மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான். பிறகு கறுப்பு உடையில், சிவப்பு வெள்ளைக் கோடுகளோடு களத்துக்கு வந்தபோது, நோமேட் என்ற பழைய பெயரை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. வெறுமனே ‘தி கேப்டன்’ என்றே சொல்லிக்கொண்டான்.