வின்னிப்பெக் பஞ்சும் தண்டையார்பேட்டைக் கூரையும்

தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கனடாவின் வின்னிப்பெக் நகரிலுள்ள மகள் வீட்டில், குளிர்காலத்தில் வெப்பமூட்டும் செலவைக் குறைக்கச் சுவருக்குள்ளும் பரணிலும் மஞ்சள் பஞ்சை அடைத்தார்களாம். கத்திரி வெயிலில் தகிக்கும் தம் ஷீட் கூரைக்கும் அது உதவுமா என்கிறார். கேள்வி நியாயமானது. அங்கே வெளியே மைனஸ் 20 பாகை, உள்ளே 20 பாகை. இங்கே வெயிலில் ஷீட் 60 பாகையைத் தாண்ட, உள்ளே 30 பாகையாவது வேண்டும் என்கிறோம். இடைவெளியில் பெரிய வேறுபாடில்லை.

வெப்பம் பரவும் வழிகளான கடத்தல், சலனம், கதிர்வீச்சு ஆகிய மூன்றும் பள்ளியில் படித்தவையே. அந்தப் பஞ்சு கண்ணாடி இழையால் ஆனது. கண்ணாடியோ அசையாக் காற்றைவிட ஏறத்தாழ 40 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. அப்படியானால் வெப்பத்தைத் தடுப்பது இழையன்று, இழைகளுக்கிடையே சிக்கிய காற்றுதான். காற்றுக்கு உள்ள ஒரே குறை, அது சும்மா இராது என்பதே: சூடான சுவரையொட்டி விரிந்து மேலேறி, குளிர்ந்த சுவரையொட்டிக் கீழிறங்கி, ஏற்றச்சால் நீரை இறைப்பதுபோல ஓயாமல் வெப்பத்தை இறைத்துக்கொண்டிருக்கும். நெருக்கமான இழைகளின் நடுவே, ஓட்டத்தைத் தடுக்கும் தன் பாகுத்தன்மையே தளையாகி, அது நின்றுவிடுகிறது. குளிர்நாட்டு ஜன்னல்களில் இரு கண்ணாடிகளுக்கிடையே சுமார் 15 மில்லிமீட்டர் மட்டுமே விடுவதும் இதனால்தான். அதற்குமேல் அகலப்படுத்தினால் அந்த இறைப்பு தொடங்கிவிடுகிறது, பயன் கூடுவதில்லை.

நம் கூரையில் கதை தலைகீழாகிறது. சூடு மேலே இருப்பதால், இலேசான சூடான காற்று ஷீட்டின் அடியிலேயே தங்கிவிடுகிறது. கட்டிப்போடப் பஞ்சு தேவையில்லை. பிறகு ஏன் தலை காய்கிறது? கதிர்வீச்சினால். சூடேறிய சிமெண்ட் ஷீட் அந்தச் சூட்டில் ஒரு பரப்பு உமிழக்கூடிய உச்ச அளவில் 90 விழுக்காட்டிற்குமேல் அகச்சிவப்பு வெப்பக் கதிர்களை உமிழ்கிறது. பளபளப்பான அலுமினியத் தாளோ ஏறக்குறைய 5 விழுக்காடுதான். நன்றாக உட்கவராத பரப்பு நன்றாக உமிழவும் செய்யாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் 1859-இல் காட்டினார். ஆகவே தாளைப் பளபளப்பு கீழ்நோக்கியிருக்கும்படி, ஷீட்டுக்கு ஓர் அங்குலம் கீழே இழுத்துக் கட்டலாம். தாள் சூடானாலும் அந்தச் சூட்டை நம்மீது எறியாது. கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் கீழ்முகத்தில் படியாது. தாளின் அடியில் பலகை ஒட்டிவிட்டால் மட்டும் பலனில்லை, அலுமினியம் அருமையான கடத்தி.

பஞ்சும் வேலை செய்யும். ஆனால் விலை கூடுதல், மழைநீர் கசிந்து நனைந்தால் காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்து பாழாகும். அதற்குமுன் கூரையின் மேற்புறம் வெள்ளையடிப்பதே முதல் வேலை. புகையும் தூசியும் படியும் வடசென்னையில் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வாஸ்துவுக்காகக் கிழக்கு ஜன்னலை அடைத்துவிட்டுப் பிற்பகல் கடற்காற்றை இழப்பவர்களுக்கு எந்தத் தாளும் உதவாது. வாசகிக்கு ஓர் எச்சரிக்கை: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளையிட வேண்டாம், பறக்கும் இழைகள் நுரையீரலைக் கெடுக்கும், தாளைத் தாங்கும் கம்பியைக் கூரைச் சட்டத்தில் கட்டுங்கள்.